வளவுக்குள் உயிரியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மாலை வகுப்புகளில் உயிரியல் கற்பித்து வருகிறேன். பாடம் நடக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. வகுப்பு முடிந்து சைக்கிளைத் திருப்பும் நேரத்தில்தான் "ரீச்சர், ஒரு சந்தேகம்" என்று இரண்டு பேர் வந்து நிற்பார்கள். உருப்படியான கேள்விகள் அப்போதுதான் வரும். அவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டவை, பெற்றோர் கேட்டவை, கிணற்றடியில் அயலவர் கேட்டவை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. கலைச்சொற்கள் இலங்கைப் பாடநூல்களில் உள்ளவை. உதாரணங்களை முடிந்தவரை வீட்டு வளவுக்குள்ளேயே தேடியிருக்கிறேன். சொல்லைப் பாடமாக்கிவிட்டுப் பொருளைத் தேடுவதைவிட, பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுவது சுலபம் என்பது என் கட்சி.

உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று எப்படிப் பிரிப்பது?

போசணை, சுவாசம், வளர்ச்சி, அசைவு, உறுத்துணர்ச்சி, கழிவகற்றல், இனப்பெருக்கம் என்று ஏழு இயல்புகளையும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். முடிந்ததும் நான் குத்துவிளக்கைப் பற்றிக் கேட்பேன். சுடர் எண்ணெயை உண்கிறது. ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது. திரியைத் தூண்டினால் வளர்கிறது, காற்றுப் பட்டால் அசைகிறது, புகையைக் கழிக்கிறது, அடுத்த திரிக்குத் தாவிக் குட்டியும் போடுகிறது. அப்படியானால் சுடருக்கு உயிர் இருக்கிறதா?

வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். சுடருக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அதற்குக் கலம் (உயிர்களின் உடலைக் கட்டும் மிகச் சிறிய அலகு) இல்லை. மற்றது, அதற்குப் பரம்பரை இல்லை. தேங்காயெண்ணெய் விளக்கிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினால் வருவது மண்ணெண்ணெய்ச் சுடர்தான். தாய்ச் சுடரின் குணம் எதுவும் அதில் இருக்காது. பயற்றை உரும்பிராய்ச் செம்மண்ணில் போட்டாலும் தீவுப்பகுதி மணலில் போட்டாலும் பயறுதான் முளைக்கும். எப்படி வளர வேண்டும் என்ற அறிவுறுத்தல் டி.என்.ஏ. வடிவில் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏழு இயல்புகளையும் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலை மட்டும் நம்பினால் சுடரிடம் ஏமாந்துவிடுவீர்கள்.

கடையில் வாங்கிய பயறு டின்னுக்குள் மாதக்கணக்கில் கிடக்கிறது. அதற்கும் உயிர் இருக்கிறதா?

இருக்கிறது, உறங்குகிறது. நீர் மிகக் குறைவாக இருப்பதால் உள்ளே இரசாயனத் தாக்கங்கள் ஏறத்தாழ நின்றுபோயிருக்கின்றன. ஓரிரவு ஊறவிட்டு, ஒரு பயற்றை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். இரு பாதிகளும் வித்திலைகள். அவை உணவுக் களஞ்சியம். ஒரு பாதியின் ஓரத்தில் வளைந்த வெண்ணிறத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் ஒரு முனையில் மடித்து வைத்த சின்னஞ்சிறு இலைகள் தெரியும். அதுதான் முளையம். பருப்பு ஏன் முளைப்பதில்லை என்பதும் இத்தோடு விளங்கிவிடும். தோல் நீக்கி உடைக்கும்போது முளையம் சிதைந்துவிடுகிறது.

இந்த உறக்கம் எவ்வளவு காலம் நீளும் என்று கேட்டால், சாக்கடலோரம் உள்ள மசாடா கோட்டையில் அகழ்ந்தெடுத்த பேரீச்சங்கொட்டை ஒன்றைச் சொல்வேன். ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைமையான அது 2005இல் முளைத்தது.

வைரசு உயிருள்ளதா? பரீட்சையில் என்ன எழுதுவது?

எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று எழுதுங்கள். காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் புள்ளி கிடைக்கும். டெங்கு வைரசை எடுத்துக்கொண்டால், உறைக்குள் ஆர்.என்.ஏ. என்ற அளவில் அதன் கதை முடிந்துவிடுகிறது. கலம் இல்லை, சொந்தமாக அனுசேபம் (உடலுக்குள் நடக்கும் இரசாயனத் தாக்கங்கள்) இல்லை. நம் கலத்துக்குள் புகுந்து, நம் கலத்தின் சாமான்களைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. குத்துவிளக்குச் சுடருக்கு நேர் எதிரான வழக்கு இது. சுடருக்கு அனுசேபம் போல ஒன்று உண்டு, பரம்பரை இல்லை. வைரசுக்குப் பரம்பரை உண்டு, அனுசேபம் இல்லை.

காய்ச்சலுக்கு நுண்ணுயிர்கொல்லிக் குளிசை எழுதித் தரவில்லை என்று வைத்தியரோடு கோபித்துக்கொள்ளும் பெற்றோரும் இதைப் படிக்கலாம். அந்தக் குளிசைகள் பற்றீரியாவின் கலச்சுவரையும் அது புரதம் தொகுக்கும் இடத்தையும் தாக்குகின்றன. வைரசிடம் அவை இரண்டுமே கிடையாது. இல்லாத வீட்டுக்கதவை உடைக்க முடியாது.

எங்கள் புத்தகத்தில் "கலம்", இந்தியப் புத்தகத்தில் "செல்". எது சரி?

இரண்டும் ஒன்றுதான். பரீட்சைக்குக் கலம். இணையத்தில் தமிழகக் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளைகள் குழம்புவது எனக்குத் தெரியும். இங்கே இழையம் என்பது அங்கே திசு, இங்கே ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே கூர்ப்பு அங்கே பரிணாமம், இங்கே நொதியம் அங்கே நொதி, இங்கே நிறமூர்த்தம் அங்கே குரோமோசோம். இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஆனாலும் "கலம்" மீது எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதில் கண்ட சிறு பெட்டிகளுக்குச் சிற்றறை என்ற பொருளில் பெயரிட்டார். அவர் கண்டது இறந்த கலங்களின் வெற்றுச் சுவர்களை. தமிழில் கலம் என்றால் பாத்திரம். உள்ளே நிறைய நிறையப் பொருள் இருக்கும் ஒன்றை வெற்றறை என்பதைவிடப் பாத்திரம் என்பது எவ்வளவோ மேல். செல் என்றால் எங்கள் ஆச்சிமாருக்குக் கறையான். ஏடு செல்லரித்துப் போயிற்று என்பார்கள்.

தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவ மிசனரி சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்து ஒன்றரை நூற்றாண்டாகிறது.

கலத்தை நேரில் பார்க்க முடியுமா?

பாடசாலை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி இருந்தால் பத்து நிமிட வேலை. குசினியிலிருந்து ஒரு சின்ன வெங்காயம் எடுத்து வாருங்கள். அதன் சதைப்பற்றான இதழ் ஒன்றைக் கழற்றி, உட்புறமாக மடித்து உடைத்தால் குழிந்த பக்கத்தில் ஈரத்தாள் போல ஒரு மென்படலம் உரிந்து வரும். அதைக் கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீரில் விரித்து, ஒரு துளி அயடீன் விட்டு, மூடித்துண்டைச் சாய்வாக இறக்குங்கள். நேராகப் போட்டால் வளிக்குமிழி சிக்கும்.

முதலில் சிறிய உருப்பெருக்கத்தில் பாருங்கள். மதில் கட்டியதுபோல நீண்ட கலங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு கலத்தின் நீளம் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர். பெரிய உருப்பெருக்கத்துக்குப் போனால் ஒவ்வொன்றிலும் சுவரோரமாக ஒதுங்கி ஒரு மஞ்சட்கபிலப் பொட்டு இருக்கும். அதுதான் கரு. அது ஏன் நடுவில் இல்லை என்று கேளுங்கள். நடுவில் புன்வெற்றிடம் என்ற பெரிய பை நீரால் நிறைந்து, குழியவுரு என்ற கூழையும் கருவையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. கருத்த விளிம்போடு பளிச்சென்று வட்டமாக ஏதாவது தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், அது வளிக்குமிழி. ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து பேர் வளிக்குமிழியை வரைந்து "கரு" என்று பெயரும் குறித்துவிடுகிறார்கள்.

ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சைநிறப் பச்சையவுருமணிகளைத் தேடி வீணாக அலைய வேண்டாம். வெங்காய இதழ் மண்ணுக்குள் உணவு சேமிக்கும் இலை. வெயில் படாத இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

வெங்காயம் வெட்டும்போது ஏன் கண்ணீர் வருகிறது?

முழு வெங்காயத்தை மோந்து பாருங்கள், கண் கலங்காது. கந்தகச் சேர்வை கலத்தின் ஓரிடத்திலும், அதைத் தாக்கும் நொதியம் இன்னோரிடத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கத்தி கலங்களை உடைத்ததும் இரண்டும் கலந்து, ஆவியாகிப் பறக்கும் எரிச்சற்பொருள் உண்டாகிறது. கூரான கத்தி குறைவான கலங்களையே நசுக்கும் என்பதால் கண்ணீரும் குறையும்.

மனிதனில்தான் டி.என்.ஏ. மிக அதிகமா?

இல்லை. நிறமூர்த்தங்கள் மனிதனில் 46, வெங்காயத்தில் 16. ஆனால் டி.என்.ஏ.யின் அளவில் வெங்காயம் நம்மைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கூட. நீளமாக எழுதுகிறவர் எல்லாம் நிறையச் சொல்கிறார் என்று பொருளில்லை. விடைத்தாள் திருத்துகிறவளுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஒரு மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது?

பெரியவர்களிடம் கேட்டால் "மண்ணிலிருந்து" என்பார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மொன்ட் இதை நிறுத்துப் பார்த்தார். உலர்ந்த மண்ணை 200 இறாத்தல் நிறுத்துத் தொட்டியில் போட்டு, 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 இறாத்தல் ஆயிற்று. மண்ணில் குறைந்தது 2 அவுன்சு அளவுதான். அவர் இறந்த பின் 1648இல் வெளியான அந்தக் குறிப்பில், மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். பாதி சரி. காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டு அவர் கணக்கில் வரவில்லை.

ஒளித்தொகுப்பில் இலை காபனீரொட்சைட்டையும் நீரையும் கொண்டு வெல்லம் (சர்க்கரை) ஆக்குகிறது, ஒட்சிசனை வெளிவிடுகிறது. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து பிடித்தது. பனைமட்டையை அடுப்பில் எரிக்கும்போது அது மறுபடியும் காற்றுக்குப் போகிறது. மிஞ்சும் ஒரு கைப்பிடி சாம்பல்தான் மண் கொடுத்த பங்கு. என் மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் பனை காற்றாலே கட்டியதா ரீச்சர்" என்றாள். அதைவிட நன்றாக நான் சொன்னதில்லை.

இரவில் மரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டுமா?

முட்டாது. தாவரங்கள் பகலிலும் இரவிலும் சுவாசிக்கின்றன, இரவில் ஒளித்தொகுப்பு இல்லாததால் காபனீரொட்சைட்டு மட்டும் வெளியே வருகிறது. இது உண்மை. ஆனால் வெளியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அறைக்குள் வைத்த பூச்சாடியைவிடப் பக்கத்தில் படுக்கும் தம்பிதான் கூடுதலாக வெளிவிடுகிறான். முனி பற்றிய பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை.

கருப்பநீர் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவது ஏன்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஒரு முழுப் பாடத்தை இதிலேயே நடத்தலாம்.

பனம்பாளையைச் சீவும்போது வடிவது, மரத்துக்குள் உணவைக் கடத்தும் உரியத்தில் ஓடும் சாறு. அது புளிக்காமல் இறங்கினால் கருப்பநீர். பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய வெல்லத்தை நாங்கள் வழியில் மறிக்கிறோம். காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் மதுவம் இருக்கிறது. மதுவம் என்பது ஒற்றைக் கலப் பங்கசு. இனிப்புச் சாறு கிடைத்ததும் அது பெருகத் தொடங்கும். ஒட்சிசன் குறைந்த இடத்தில் குளுக்கோசை எதைல் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கும். அதுதான் நொதித்தல். கள்ளில் எழும் நுரை மதுவத்தின் மூச்சு. அப்ப மாவுக்குக் கள் விட்டுப் புளிக்க வைக்கும் வீடுகளில் அதே வாயு மாவைப் பொங்கச் செய்கிறது. சட்டியில் அப்பத்தின் நடுவே விழும் துளைகள் வாயு வெளியேறிய வாசல்கள். அற்ககோலில் பெரும்பகுதி சூட்டில் பறந்துவிடும், ஆகவே பிள்ளைகளுக்கும் தயங்காமல் கொடுக்கிறார்கள்.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு காரமாகிவிடும். அந்தக் காரத்தில் மதுவமும் அதன் நொதியங்களும் வேலை செய்ய முடியாது. வெல்லம் வெல்லமாகவே இறங்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி, ஓலைக் குட்டானில் ஊற்றி ஆறவிட்டது. பூசாமல் விட்டால் கள். கள்ளையும் கவனிக்காமல் விட்டால் பற்றீரியா வந்து அற்ககோலை அசற்றிக் அமிலமாக்கும், அப்போது வினாகிரி. ஒரே பாளை, ஒரே சாறு, யார் முதலில் வந்து உண்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நொதித்தலில் ஒரு குளுக்கோசிலிருந்து மதுவத்துக்குக் கிடைப்பது, கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. 2 மட்டுமே. ஒட்சிசனோடு, கலத்துக்குள் இருக்கும் இழைமணி என்ற புன்னங்கத்தின் உதவியால் முழுமையாக உடைத்தால் 30 அல்லது 32. நொதித்தலுக்குக் காரணம் உயிருள்ள நுண்ணங்கிகள் என்று 1850களின் பிற்பகுதியில் லூயி பாஸ்டர் காட்டத் தொடங்கினார். 1897இல் எட்வர்ட் புக்னர் மதுவத்தை அரைத்துப் பிழிந்த, கலமே இல்லாத சாற்றாலும் நொதிக்க வைத்தார். வேலையைச் செய்வது கலத்துக்குள் இருக்கும் பொருள் என்று அப்போது தெரிந்தது. நொதிக்க வைப்பது நொதியம். இந்தச் சொல்லைப் பாடமாக்கத் தேவையே இல்லை.

கதியாலை வெட்டி நட்டால் தளிர்க்கிறது. வெட்டிய விரல் ஏன் வளர்வதில்லை?

கிளுவை, பூவரசு, முள்முருங்கை என்று எங்கள் வேலி முழுவதும் இந்தக் கேள்விதான் நிற்கிறது. தாவரங்களில் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கும் கலங்கள் உண்டு. அவை பிரியிழையம். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் மெல்லிய வளையமாக இருப்பது மாறிழையம். கதியாலை மண்ணில் ஊன்றியதும் அந்தப் பகுதிக் கலங்கள் பிரிந்து புது வேர்களை உருவாக்குகின்றன, உறங்கிய அரும்புகள் தளிர்க்கின்றன. நம் விரலின் கலங்கள் தோல், தசை, என்பு என்று தொழிலைப் பிரித்துக்கொண்டு சிறப்படைந்தவை. காயத்தை மூடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

அப்படியானால் பனங்கதியால் நடலாமே என்றான் ஒரு பையன். முடியாது. பனை ஒருவித்திலைத் தாவரம், அதன் தண்டில் மாறிழையம் இல்லை. வளரும் இடம் ஒன்றே ஒன்று, உச்சியில் இருக்கும் குருத்து. அது போனால் பனை முடிந்தது. முகமாலைப் பக்கம் ஏ9 வீதியில் போகும்போது தலையில்லாத பனைகளைப் பார்த்திருப்பீர்கள். ஷெல் விழுந்து வட்டு அறுந்தவை. பக்கத்தில் வேம்பு மறுபடி தளிர்த்து நிழல் கொடுக்க, பனை மட்டும் ஏன் கம்பமாக நிற்கிறது என்று கேட்டால், விடை இந்தப் பந்தியில் இருக்கிறது.

கறுத்தக்கொழும்பான் மாங்கொட்டையை நட்டால் கறுத்தக்கொழும்பான் வருமா?

மாமரம் வரும். கறுத்தக்கொழும்பானின் சுவை வரும் என்று நம்பி நடாதீர்கள். தாய் மரத்தின் பூவுக்கு மகரந்தம் பக்கத்து வளவுப் புளி மாவிலிருந்தும் வந்திருக்கலாம். அது மட்டுமல்ல, புணரிகள் (இனப்பெருக்கக் கலங்கள்) உண்டாகும்போது நடக்கும் ஒடுக்கற்பிரிவு என்ற கலப்பிரிவில் பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டாகப் பங்கிடப்படுகின்றன. உங்கள் வீட்டுச் சகோதரர்கள் ஒரே அச்சாக இல்லாததற்கும் இதுவே காரணம். மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து இதன் கணக்கை 1866இல் வெளியிட்டார், உலகம் 1900 வரை கவனிக்கவில்லை.

ஒட்டுக்கன்றில் இந்தச் சீட்டுக்குலுக்கல் இல்லை. ஒட்டுமுளை தாய் மரத்தின் துண்டு, அதே டி.என்.ஏ. கீழே இருக்கும் ஒட்டுக்கட்டை எந்த மாவானாலும் பழம் மேலே இருப்பதன் பழம்தான்.

விஞ்ஞானப் பெயர்கள் வாயில் நுழைவதில்லை. அவை தேவையா?

தேவை. நாங்கள் கச்சான் என்பதைத் தமிழகத்தில் வேர்க்கடலை என்பார்கள், எங்களுக்கே கச்சான் என்றால் ஒரு காற்றும்கூட. ஊர்ப்பெயர் உறவையும் தவறாகக் காட்டும். பூவரசுக்கும் அரசுக்கும் பெயரில் மட்டுமே ஒட்டு. முள்முருங்கை பயற்றின் குடும்பம், முருங்கைக்கும் அதற்கும் உறவில்லை.

காலையில் ஒரு பூவரசம்பூவையும் ஒரு செவ்வரத்தம்பூவையும் பறித்து அருகருகே வையுங்கள். இரண்டிலும் இதழ் ஐந்து. இரண்டிலும் மகரந்தக் கேசரங்கள் தனித்தனியே நில்லாமல் ஒரு குழாயாக இணைந்து, சூல்தண்டைச் சுற்றி எழும்பி நிற்கும். பிறகு வெண்டிப்பூவைப் பாருங்கள், அதே அமைப்பு. பருத்தியும் இந்தக் குடும்பம்தான். நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரமும் இதே குடும்பம். வேலியிலும் கறியிலும் தீவிலும் இருக்கிறவர்கள் சொந்தக்காரர் என்று பூ காட்டிக்கொடுக்கிறது. 1753இல் லின்னேயசு தாவரங்களுக்கு இருசொற்பெயரைச் சீராக வழங்கினார். முதற்சொல் சாதி, இரண்டாவது சொல்லோடு சேர்ந்தால் இனம். பனை பொராசசு பிளாபெல்லிபர். பின்சொல்லுக்கு விசிறி தாங்குவது என்று பொருள். ஓலையைப் பார்த்து வைத்த பெயர் மறக்காது.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?

நீங்களும் உங்கள் மச்சானும் ஒரே பாட்டனார் வழி வந்தவர்கள். மச்சானிலிருந்து நீங்கள் வரவில்லை, நீங்கள் பிறந்ததால் மச்சான் மறையவும் இல்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

கூர்ப்பு என்றால் டார்வினும் அவருடைய நூல் வெளிவந்த 1859ஆம் ஆண்டும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு நுளம்பைக் காட்டுவேன். டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும் என்று நீண்டகாலம் சொல்லிவந்தோம். யாழ்ப்பாணக் கரையோரத்தில் உவர் கலந்த நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பிள்ளைகள் "நுளம்பு உப்புக்குப் பழகிக்கொண்டது" என்று எழுதுவார்கள். இயற்கைத் தேர்வை விளக்கும் இடத்தில் அந்த வாக்கியத்துக்கு நான் புள்ளி போடுவதில்லை. எந்தக் கூட்டத்திலும் உப்பைச் சற்றுக் கூடுதலாகத் தாங்குவதும் தாங்காததும் இருக்கும். உவர்நீரில் தாங்காதவை சாகும். தாங்கியவற்றின் இயல்பு பரம்பரையாக வருவதானால், அடுத்த தலைமுறையில் அந்த இயல்பு பெருகும். தனி நுளம்பு எதையும் தீர்மானிக்கவில்லை.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாழை வாடுகிறது. ஏன்?

கிணற்று நீரை நாக்கில் விட்டுப் பாருங்கள். குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். நீர் ஐதான பக்கத்திலிருந்து செறிவான பக்கத்துக்கு மென்சவ்வைக் கடந்து போவது பிரசாரணம். சர்க்கரைப் பொங்கலுக்குள் நாங்கள் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்ந்த முந்திரிகை உப்புவது அதனால்தான். மண்நீரில் உப்பு கூடினால் வேர் நீரை இழுக்கத் திணறும். கருவாட்டில் பற்றீரியாவுக்கு நேர்வதும் இதுதான், தண்ணீரை இழந்து செயலிழந்துவிடும்.

உவர்நீரில் வளரும் கண்டல் மரம் எப்படித் தப்புகிறது? கடல்நீரேரிக் கரையில் நிற்கும் அவிசீனியா என்ற கண்டலின் இலையை வெயில் ஏறிய பிறகு நக்கிப் பாருங்கள், கரிக்கும். உள்ளே வந்த உப்பை அது இலைச் சுரப்பிகளால் வெளியேற்றிவிடுகிறது.

பூநாரைக்கு இளஞ்சிவப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

சாப்பாட்டிலிருந்து. அல்காக்களிலும் அவற்றை உண்ணும் சிறு இறால் போன்ற உயிரிகளிலும் உள்ள கரோட்டினொயிட்டு நிறப்பொருள் இறகில் சேர்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம். உணவுச்சங்கிலியை ஒரு பறவையின் உடலில் வாசிக்கலாம்.

மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் உயிரியல் படித்தது வீண்தானே?

பெற்றோர் கேட்பது. இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். விவசாயம், மீன்பிடி, நுண்ணுயிரியல், ஆசிரியத் தொழில் என்று வரிசையாகச் சொல்வதைவிட ஒன்று கேட்கிறேன்: கிணறு உவராகும் ஊரில், டெங்கு வரும் ஊரில், உயிரியல் தெரிந்தவர்கள் வைத்தியசாலைக்குள் மட்டும் இருந்தால் போதுமா?

பனங்கிழங்கு கிழங்கா, வேரா?

இரண்டும் இல்லை, அது நாற்று. நுங்கிலிருந்து தொடங்குவோம். வழவழப்பான அந்தச் சதை இளம் வித்தகவிழையம், முளையத்துக்கான உணவு. காய் முற்றும்போது அது தேங்காய்போலக் கடினமாகிவிடும். பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் வித்திலையின் ஒரு பகுதி நீண்டு மண்ணுக்குள் இறங்கும், முளையத்தையும் கூடவே கொண்டு போகும். வித்திலையின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே பஞ்சுபோல வீங்கி, கடினமான உணவைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்பும். அந்தப் பஞ்சுதான் நாங்கள் கொட்டையைப் பிளந்து தின்னும் பூரான். கீழே போன உணவு மாப்பொருளாகச் சேர்ந்து இளம் நாற்றைப் பருக்க வைக்கிறது. இலை விரியுமுன் பிடுங்கினால் கிழங்கு. பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். அயடீன் துளி விட்டுப் பாருங்கள், மாப்பொருள் இருப்பதால் கருநீலமாகும்.

கொட்டையைப் பார்த்து ஆண் பனையா பெண் பனையா என்று சொல்ல முடியுமா?

முடியாது. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை வித்தியாசம் தெரியாது. பூப்பதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இதைக் கேட்ட ஆறாம் வகுப்புச் சிறுமி வேலியோரம் நான்கு கொட்டைகளைப் புதைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதி எழுதிய தடி நட்டிருக்கிறாள். ஒன்று முளைத்திருக்கிறது.